“பாட்டு எப்ப வரும்?” – ஜாம் இசை கேட்பவர்கள் விடும் தவறுகள்

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்கக் குழுவின் ‘டார்க் ஸ்டார்’ பாட்டை, 1969இல் வெளிவந்த மேடைப் பதிவில், யாருக்காவது போட்டுக் காட்டுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் கேள்வி வரும்: “மறுகா, பாட்டு எப்ப வரும்?” கேள்வியில் பிழையே இல்லை. 23 நிமிடம் ஓடும் அந்தப் பதிவில் பாடகரின் குரல் முதன்முதலாகக் கேட்பது ஏறத்தாழ ஆறாவது நிமிடத்தில்தான். மொத்தமே இரண்டு சரணம். மிச்சமெல்லாம் வாத்தியம்.

இதை உயிராக நேசிப்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டு நிமிடம் தாங்காதவர்களும் இருக்கிறார்கள். பிடிக்காதவர் பாட்டு வரும்வரை காத்திருக்கிறார். பிடித்தவர் எதற்கும் காத்திருப்பதில்லை. மேடையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டு அந்த இடத்திலேயே என்ன கட்டுகிறார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். பிடிக்காமல் போவதில் பாதி நியாயமான ரசனை. மற்றப் பாதி, கேட்கும் முறையில் விடுகிற தவறு. இங்கே எழுதுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பாதியைப் பற்றி.

ஜாம் பேண்ட் என்பது என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். பாட்டுக்கு ஒரு சட்டகம் இருக்கும், தொடக்கமும் முடிவும் தீர்மானமாக இருக்கும், நடுவைத் திறந்து விட்டு எல்லோரும் சேர்ந்து மனோதர்மத்தில், அதாவது அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிப்பார்கள். அப்படி வாசிப்பதுதான் ஜாம். கலிபோர்னியாவில் 1965இல் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட், 1969இல் உருவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட், வெர்மான்ட் மாநிலத்தில் 1983இல் பிறந்த ஃபிஷ் ஆகியவை இந்த வழியின் பெரிய பெயர்கள். இவர்கள் வாசிக்கும் ஒரே பாட்டு இரண்டு இரவுகளில் ஒரே மாதிரி இருப்பதில்லை.

போன் ஸ்பீக்கரில் கேட்பது

முதல் தவறு இதுதான். மற்றத் தவறுகளில் பல இதிலிருந்தே பிறக்கின்றன. தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிற்றாரின் ஆகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 41 தரம் அதிர்கிறது. போனில் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வலுவிழந்துவிடும். அதாவது பேஸ் வாசிப்பின் அடித்தளம் முழுவதும் காணாமல் போகும். சினிமாப் பாட்டில் இது பெரிய நட்டமில்லை, குரல் போனிலும் நன்றாகவே கேட்கும். ஜாமில் நிலைமை வேறு. வண்டியை ஓட்டுவதே பேஸ் வாசிப்பவர்தான்.

சின்ன உதாரணம். கிற்றார்காரர் ஜி மேஜர் என்ற கோர்ட்ஸை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) பிடித்தபடி இருக்கிறார். பேஸ் வாசிப்பவர் மெதுவாக ஈ ஸ்வரத்துக்கு இறங்குகிறார். கிற்றாரில் ஒரு விரல்கூட நகரவில்லை, ஆனாலும் முழு ஒலியும் ஈ மைனர் செவன்த் என்ற வேறொரு கோர்ட்ஸ் ஆகி இருண்டுவிடுகிறது. கிற்றார்காரர் அதைக் கேட்டுத் தன் வாசிப்பைத் திருப்புகிறார். போன் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இந்த நிகழ்ச்சி நடக்கவே இல்லை. அவருக்குக் கேட்பது காரணமில்லாமல் மேலும் கீழும் ஓடும் கிற்றார் மட்டும். “ஸ்கேல் சாதகம் பண்ணுகிறான்” என்று அவர் சொன்னால் அதில் வியப்பில்லை.

பெரிய செலவு தேவையில்லை. காதுக்குள் இறுக்கமாகப் பொருந்துகிற சாதாரண வயர் ஹெட்செட் போதும். பொருந்தாமல் தளர்ந்திருந்தால் பேஸ் வெளியே ஒழுகிவிடும், ரப்பர் முனையை மாற்றிப் பாருங்கள். கல்முனை பஸ்ஸில் கேட்காதீர்கள். எஞ்சின் இரைச்சலும் பேஸும் ஒரே இடத்தில் மோதும், மெல்லிய பகுதிகளும் அழிந்துபோகும். இரவு, மின்விசிறியைக் குறைத்து வைத்து, 25 நிமிடம் எழும்பாமல் இருக்கக்கூடிய நேரமே சரி.

டேட்டாவைப் பற்றியும் ஒரு கணக்கு: 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிட ஒலிக்கு ஏறத்தாழ 1 எம்பி போகும். மூன்று மணி நேரக் கச்சேரி முழுவதும் 180 எம்பிக்குள் அடங்கும். அதையே வீடியோவாகப் பார்த்தால் பல மடங்கு செலவு, நடுவில் விளம்பரம் வேறு.

சின்னப் பாட்டைத் தெரியாமல் பெரிய ஜாமில் இறங்குவது

ஆர்வத்தில் பலரும் ஆக நீளமான பதிவில்தான் தொடங்குகிறார்கள். கீர்த்தனையை ஒருமுறைகூடக் கேட்காதவருக்கு, அதன் ஒரு வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் என்ன சுவை? எந்த வரி எப்படித் திரிகிறது என்பது அசல் வரி மனதில் இருந்தால்தானே தெரியும்.

‘டார்க் ஸ்டார்’ 1968இல் மூன்று நிமிடத்துக்கும் குறைவான தனிப்பாட்டாக வெளிவந்தது. அதை முதலில் கேளுங்கள். மூன்று தரம் கேட்டால் தொடக்கத்தில் வரும் கிற்றார் வரியை முணுமுணுக்க வரும். அது வந்த பிறகு 1969 பதிவுக்குப் போங்கள். அப்போது ஒன்று புரியும்: அந்த வரி 23 நிமிடத்திலும் அங்கங்கே தலை காட்டும். ஒருவர் தொட்டுக் காட்டுவார், மற்றவர்கள் சேர்ந்தால் பாட்டுக்குத் திரும்புவார்கள், சேராவிட்டால் இன்னும் வெளியே போவார்கள். இந்த இழுபறி தெரியத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது.

நீளம் நம் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் விடிய விடிய ஆடப்பட்டவை. பாய் விரித்துப் படுத்தபடி, தங்களுக்குப் பிடித்த பாத்திரத்தின் வரவுக்கு எழும்பி இருந்து பார்த்த ஊர் இது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்காகச் சுருக்கித் தந்தபோது அது புதிய பார்வையாளரைச் சேர்த்தது. ஆனால் களரியில் (கூத்தாடும் வட்ட மேடையில்) கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஆட்டக்காரர் நின்று ஆடும் விரிவைச் சுருக்கத்தில் முழுதாகப் பெற முடியாது. ஸ்டூடியோப் பதிவுக்கும் மேடைப் பதிவுக்கும் உள்ள உறவும் இப்படித்தான். சுருக்கம் வாசல், அதிலேயே நின்றுவிட்டால் வீடு பார்த்ததாகாது.

கிற்றாரை மட்டும் துரத்துவது

ராக் இசை கேட்டுப் பழகியவர்கள் விடும் தவறு இது. எங்கே ‘சோலோ’, அதாவது ஒருவரின் தனி வாசிப்பு என்று தேடுகிறார்கள். கர்நாடக இசை கேட்டவர்களும் இதே குழியில் விழுவதுண்டு. நம் கச்சேரியில் பாடகர் ஆலாபனை செய்வார், வயலின் நிழல்போலத் தொடரும். முதல்வர் யார், பக்கவாத்தியம் யார் என்பது தெளிவு. நல்ல ஜாமில் அந்த வரிசை கரைந்துவிடும். ட்ரம்ஸ், பேஸ், கீபோர்ட், இரண்டாவது கிற்றார் எல்லாம் ஒரே நேரத்தில் மனோதர்மத்தில் இருக்கும். யார் முன்னால் போகிறார் என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

கிரேட்ஃபுல் டெட்டின் பேஸ் கலைஞர் ஃபில் லெஷ் அதற்கு முன் ட்ரம்பெட்டும் இசையமைப்பும் படித்தவர். குழுவில் சேர்ந்த பிறகே பேஸைக் கையில் எடுத்தார். அதனால் வழக்கமான பேஸ்காரர்போல ஒவ்வொரு தாள வட்டத்தின் முதல் தட்டிலும் ஆதார ஸ்வரத்தைப் போட்டுக்கொண்டிருக்கவில்லை, கிற்றாருக்கு எதிர்ப்பாட்டுப் பாடுவதுபோல் வாசித்தார். அவரைக் கேட்காமல் ஜெர்ரி கார்சியாவின் கிற்றாரை மட்டும் கேட்பது, தொலைபேசியில் கதைக்கும் இருவரில் ஒருவருடைய பேச்சை மட்டும் கேட்பதற்குச் சமம்.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் அடங்கும் ஒரு பகுதியைத் தெரிவு செய்து நான்கு தரம் கேளுங்கள். முதல் தரம் ட்ரம்ஸ் மட்டும், குறிப்பாகச் சிம்பலின் ஓட்டம் எங்கே அடர்த்தியாகிறது, எங்கே ஐதாகிறது என்பது. இரண்டாம் தரம் பேஸ். மூன்றாம் தரம் கீபோர்ட் அல்லது ரிதம் கிற்றார். இதுதான் ஆகக் கடினம், பொறுமையாக இருங்கள். நான்காம் தரம் எதையும் பிரிக்காமல் முழுதாகக் கேளுங்கள். அந்த நான்காம் தரத்தில் முதலில் கேட்காத பல ‘பதில்கள்’ கேட்கும்: கீபோர்ட் போட்ட ஒரு சின்னத் துணுக்கைக் கிற்றார் நான்கு தட்டுக்குப் பிறகு திருப்பிச் சொல்லும், ட்ரம்ஸ் அதன் சந்தத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நல்ல ஜாமையும் கெட்ட ஜாமையும் பிரிக்கும் அளவுகோலும் இதிலேயே இருக்கிறது. ஏதாவது மூன்று நிமிடத்தை எடுங்கள். அதில் ஒருவர் செய்ததால் இன்னொருவர் தன் வாசிப்பை மாற்றினாரா? மாற்றியிருந்தால் உயிர் இருக்கிறது. மூன்று நிமிடமும் எல்லோரும் ஒரே சத்தத்தில், ட்ரம்ஸ் ஒரே அடியில், பேஸ் ஒரே சுழலில், கிற்றார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் அது வெறும் நிரப்பல். பிரபலமான குழு என்பதற்காக அதை நல்லது என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல குழுக்களுக்கும் அப்படிப்பட்ட இரவுகள் நிறையவே உண்டு.

ராகத் தராசில் நிறுப்பது

“இதில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து இசைப்பது) எங்கே, ராகபாவம் எங்கே” என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். “எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்” என்று மார்தட்டுபவர்கள் மறுபக்கம். இரண்டும் இசையைக் கேட்கவிடாது.

‘டார்க் ஸ்டார்’ சுற்றிவருவது மேற்கத்தியர் ‘ஏ மிக்ஸோலிடியன்’ என்று சொல்லும் ஸ்வர வரிசையில். அந்த ஏழு ஸ்வரங்களும் நம் ஹரிகாம்போதி ராகத்தின் ஸ்வரங்களே, அதாவது சங்கராபரணத்தில் காகலி நிஷாதத்தை எடுத்துவிட்டுக் கைசிகி நிஷாதத்தை வைத்தால் வருவது. பண்டைத் தமிழிசையில் செம்பாலை என்ற பாலை (ஸ்வர வரிசை) இதுவே என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. ஏழு ஸ்வரங்களை வைத்துக்கொண்டு தொடக்க ஸ்வரத்தை மாற்றினால் வேறு வேறு பாலைகள் பிறக்கும் முறையைக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த ‘யாழ் நூ’லில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மேற்கத்தியர் ‘மோடு’ என்று சொல்லும் ஸ்வர வரிசைகளும் இதே கணக்கில் பிறப்பவைதான். சங்கராபரணத்தைப் பஞ்சமத்திலிருந்து தொடங்கினால் மிக்ஸோலிடியன், ரிஷபத்திலிருந்து தொடங்கினால் கரஹரப்பிரியாவின் ஸ்வரங்களைக் கொண்ட டோரியன்.

உறவு அந்தக் கணக்கோடு முடிகிறது. ராகத்துக்குப் பிடியும் (அதற்கே உரிய ஸ்வரத் தொடர்) கமகமும் உயிர். மிக்ஸோலிடியனில் வாசிப்பவருக்கு அப்படியொரு கட்டுப்பாடு கிடையாது, வேண்டுமானால் அந்த வரிசையில் இல்லாத ஸ்வரத்தையும் இழுத்துப்போடுவார். அங்கே கட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது: கோர்ட்ஸும் பேஸும் எப்போது மாறுகின்றன என்பதில். காது சுருதியைப் பிடித்துக்கொள்ளட்டும், ராகலட்சணத்தைத் தேடாதிருக்கட்டும்.

தாளத்தில் மட்டும் நம் பழக்கம் உண்மையாகவே கைகொடுக்கும். பெரும்பாலான ஜாம்கள் நான்கு தட்டில் ஓடும், இரண்டு வட்டத்தைச் சேர்த்து ஆதிதாளமாகப் போட்டுக்கொண்டு கேட்கலாம். ஆல்மன் பிரதர்ஸின் ‘விப்பிங் போஸ்ட்’ இன்னும் சுவையானது. 1971 மார்ச்சில் நியூயோர்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான வடிவம் பேஸ் கிற்றார் தனியாகத் தொடங்க ஆரம்பமாகிறது. எண்ணிப் பாருங்கள், பதினொன்று வரும். எண்களை விட்டுவிட்டுச் சொற்கட்டாகச் சொன்னால் சுலபம்:

தகிட தகிட தகிட தக
தகிட தகிட தகிட தக

மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. பாட்டு வந்ததும் அந்தக் கடைசி ‘தக’ ‘தகிட’ ஆகிப் பன்னிரண்டாக நிரம்பும். அந்த ஒரு மாத்திரை கூடும்போது நெஞ்சில் ஏற்படும் தளர்வுதான் அந்தப் பாட்டின் ரகசியம். மேற்கில் பலருக்கு இதை விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கும். தவிலும் மத்தளமும் கேட்டு வளர்ந்தவருக்கு ஒரே தரத்தில் பிடிபடும்.

உச்சத்துக்குத் தாவுவது, வரிசையைக் குலைப்பது

“எத்தனையாவது நிமிடத்தில் நல்லா இருக்கும்?” என்று கேட்டு அங்கேயே தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. உச்சம் என்பது சத்தத்தின் அளவல்ல, அதற்கு முன் பத்து நிமிடம் அவர்கள் எதை அடக்கி வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஏறிவந்த படி இல்லாமல் பார்த்தால் அது வெறும் இரைச்சல்.

பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிள் முறையை அணைத்துவிடுங்கள். பாட்டு வரிசையில் இரண்டு பாட்டுக்கு நடுவே அம்புக்குறி இருந்தால் நிற்காமல் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகிறார்கள் என்று பொருள். 1977 மே 8இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹோலில் கிரேட்ஃபுல் டெட் வாசித்த இரவில் அப்படி இணைந்த இரண்டு பாட்டுகள் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடுகின்றன. முதற்பாட்டு எந்த நொடியில் போனது, அடுத்தது எந்த நொடியில் வந்தது என்று விரல் வைத்துச் சொல்வது கடினம், அந்த மயக்கமே அதன் அழகு. இரண்டாவது பாட்டு முழுவதும் இரண்டே கோர்ட்ஸ். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட கச்சேரி இது. எம்பி3 கோப்பாகக் கேட்டால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சின்ன மௌனம் விழுந்து அந்த இணைப்பு அறுந்துபோகலாம். பிளேயரின் அமைப்பில் ‘கேப்லெஸ்’ என்பதைத் திறந்து வையுங்கள்.

ஓர் இரவை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

இந்தக் குழுக்கள் ரசிகர்களைப் பதிவு செய்ய அனுமதித்தவை. கிரேட்ஃபுல் டெட் 1984இல் பதிவுக்காரர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. அதனால் ஆயிரக்கணக்கான இரவுகளின் பதிவுகள் இருக்கின்றன, எல்லாம் ஒரே தரமில்லை. ‘சவுண்ட்போர்ட்’ என்று இருந்தால் மிக்சரிலிருந்து நேராக எடுத்தது, வாத்தியங்கள் பிரிந்து தெளிவாகக் கேட்கும். ‘ஓடியன்ஸ்’ என்றால் கூட்டத்திலிருந்து மைக்கில் எடுத்தது, அரங்கத்தின் காற்று கேட்கும், கைதட்டும் கேட்கும். புதியவர் சவுண்ட்போர்டில் தொடங்குவது நல்லது. இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையதளத்தில் கிரேட்ஃபுல் டெட்டின் சவுண்ட்போர்ட் பதிவுகளை 2005 இறுதியிலிருந்து ஓடவிட்டுக் கேட்க மட்டுமே முடியும், ஓடியன்ஸ் பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம்.

எழுதி வைத்ததை ஒப்புவிக்காமல் வாசிப்பவர் தடுக்கி விழும் இரவும் இருக்கத்தான் செய்யும். ஃபிஷ் 2017இல் மெடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் 13 இரவுகள் வாசித்து, 237 பாட்டுகளில் ஒன்றையும் திருப்பி வாசிக்கவில்லை. அத்தனை இரவிலும் எல்லாம் பொன்னாக இருக்க முடியாது. மூன்று வேறு ஆண்டுகளிலிருந்து ஒரே பாட்டைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

குரலைப் பற்றிய மனக்குறையை மறுப்பது

இது ரசிகர்கள் விடும் தவறு. கிரேட்ஃபுல் டெட்டின் மேடைப் பதிவுகளில் கூட்டுக்குரல் பல இடங்களில் சுருதி விலகும், வரிகள் மறந்துபோகும். எஸ்.பி.பி.யையும் ஜானகியையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உறுத்தும். உறுத்துவது சரியே. அதை நியாயப்படுத்தி வாதாடாமல், குரல் குறைந்த பதிவைக் கொடுங்கள், அல்லது நன்றாகப் பாடும் குழுவைக் கொடுங்கள். ஆல்மன் பிரதர்ஸின் க்ரெக் ஆல்மனுக்கு உண்மையான புளூஸ் குரல். அதைக் கேட்டும், நல்ல ஹெட்செட்டில் மூன்று பதிவு கேட்டும், ஒருவருக்கு முடிவான மெட்டும் சரணமும்தான் வேண்டும் என்றால் அது அவருடைய ரசனை. திருத்த வேண்டிய நோய் இல்லை. கலியாண வீட்டு ஸ்பீக்கரில் 20 நிமிட ஜாமைப் போட்டு யாரையும் மாற்ற முடியாது.

போதையில்லாமல் இதை ரசிக்க முடியாது என்ற பேச்சும் உண்டு. 1960களின் கலிபோர்னியச் சூழலிலிருந்து வந்த பெயர் அது. ஆனால் கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகளிலேயே போதையை விட்ட ரசிகர்கள் ‘வார்ஃப் ரேட்ஸ்’ என்ற பெயரில் மஞ்சள் பலூன் கட்டி இடைவேளையில் ஒன்றுகூடினார்கள். இந்த இசைக்கு வேண்டியது கவனம், போதை கவனத்தைத்தான் முதலில் தின்னும்.

நம் மேடையில் முயல்பவர்களுக்கு

ஆரையம்பதியிலோ அக்கரைப்பற்றிலோ இசைக்குழுவில் வாசிப்பவர்கள் ஒரு பாட்டின் நடுவைத் திறந்து பார்க்க ஆசைப்படுவதுண்டு. சறுக்கும் இடங்கள் எல்லா ஊரிலும் ஒன்றே. கோர்ட்ஸ் அதிகம் மாறும் பாட்டைத் தெரிவு செய்துவிடுகிறார்கள். இரண்டு கோர்ட்ஸில் நிற்கக்கூடிய பாட்டை எடுங்கள். எப்படித் திரும்புவது என்று பேசிவைக்காமல் இறங்குகிறார்கள். கர்நாடகக் கச்சேரியில் கற்பனாஸ்வரம் பாடுபவர் எடுப்புக்கு (பாட்டு வரி தொடங்கும் இடத்துக்கு) வந்து விழுவதுபோல, எட்டுத் தட்டில் ஒரு சின்ன வரியைத் தீர்மானியுங்கள். ஒருவர் அதை இரண்டு தரம் வாசித்தால் எல்லோரும் மூன்றாவது தரத்தில் சேர்ந்து பாட்டுக்குள் போக வேண்டும்.

ஒத்திகையில் இந்தப் பயிற்சி நல்ல பலன் தரும்: நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில், எட்டு வட்டத்துக்கு ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். நான்கு தட்டு வட்டமானால் அது ஏறத்தாழ 19 விநாடி. பிறகு அடுத்தவர் நிற்கட்டும். ஒருவர் நின்றவுடன் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப ஓடாமல் இருக்கப் பழகுவதே பாதி ஜாம். பக்கத்தில் நிற்பவர் மைக்கில்லாமல் சொல்வது காதில் விழாத அளவுக்கு அம்ப்பில் சத்தம் இருந்தால், யாரும் யாரையும் கேட்கவில்லை என்று பொருள், குறையுங்கள்.

மேடையில் முதல் முயற்சி நான்கு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சனம் பாட்டுக் கேட்க வந்தது, நிகழ்ச்சி சூடேறிய பின்பாதியில் வையுங்கள். மிக்சரில் இருப்பவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால், குரல் நின்றதும் பாட்டு முடியப்போகிறது என்று நினைத்து வாத்தியங்களை இறக்கி, அறிவிப்பாளரின் மைக்கைத் திறந்துவிடுவார்.